நேர்ந்துவிட்ட சேவல்

கல்பனாவின் கையிலிருந்த காப்பி டம்ளர் பறந்துபோய் எதிர்ச் சுவரில் மோதியது. கை தவறி விழுந்திருந்தால் தனக்கொடி துடைத்துவிட்டுப் போயிருப்பாள். இது தவறி விழுந்ததில்லை. மகளின் வலது கை தோளிலிருந்து ஒரு வெட்டு வெட்டியதை அவள் கண்ணால் பார்த்தாள்.

"தூக்கம் பத்தலம்மா, அதான்" என்றாள் கல்பனா, குனிந்து டம்ளரை எடுத்தபடி.

"எத்தினி மணிக்கு முழிச்ச?"

"மூணரை இருக்கும். அது ஆரம்பிச்சதுலேர்ந்து தூங்கல."

சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து வீட்டு முருங்கை மரத்திலிருந்து சேவல் கூவியது. மணி ஏழரை. விடிந்து ஊரே வேலைக்குக் கிளம்பியாகிவிட்டது, இன்னும் யாரை எழுப்புகிறதோ தெரியவில்லை. கல்பனாவுக்கு அது பழகிவிட்டது போலிருந்தது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வில்லியனூர் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அங்கே ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை. அவள் தெருமுனை திரும்பும்வரை தனக்கொடி வாசலிலேயே நின்று அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை இப்படி வெட்டினால் அடுத்து என்ன வரும் என்று அந்த வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

முதல் தடவை வந்தபோது கல்பனாவுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ பரீட்சைக்கு விடிய விடியப் படித்துவிட்டு, காலையில் பல் விளக்கப் போனவள் குழாயடியில் விழுந்து உடம்பெல்லாம் வெட்டி இழுத்தது. அப்போது அவர்கள் மூலக்குளத்தில் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டாம் தடவை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது வந்தது. வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டாள். ஒரே வாரத்தில், தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்த ஆரம்பித்தார்கள். "கல்யாணம் பண்ணிக் குடுத்துட்டா சரியாப் பூடும்" என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். "யாரு கட்டுவா?" என்று இன்னொருத்தி அதற்குப் பதில் சொன்னது, தனக்கொடி படியேறும்போது காதில் விழுந்தது.

நரம்பு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "மாத்திரைய ஒரு வேளகூட விடக்கூடாது. அதே மாதிரி தூக்கத்தயும் விடக்கூடாது. இந்தப் பொண்ணுக்கு வர்ற வகைக்குத் தூக்கம் கெட்டாலே போதும்" என்றார்.

அதனால்தான் ஒதியம்பட்டுக்கு வந்தார்கள். வயலாக இருந்து மனையான இடம். தெருவுக்கு ஏழெட்டு வீடுதான். புருஷன் முத்துக்குமரன் ஒரு காலேஜில் பஸ் ஓட்டுகிறார். இரண்டு பேரும் சேர்ந்து அலைந்து பார்த்த இடங்களிலேயே இதுதான் சத்தமில்லாமல் இருந்தது. இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. வந்து இரண்டு வருஷமாகக் கல்பனாவுக்கு ஒருமுறைகூட வரவில்லை. ஆடி மாதம் பக்கத்து வீட்டுப் பாக்யலட்சுமி அந்தச் சேவலை வாங்கி வந்து விடும்வரைக்கும்.

டம்ளர் பறந்த அன்றைக்கே தனக்கொடி பக்கத்து வீட்டுக்குப் போனாள். பாக்யலட்சுமியும் அவள் புருஷன் சுப்பராயலுவும் அந்த மண்ணின் பழைய ஆட்கள். சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் விற்ற பிறகும் இரண்டு மாடும் நாலைந்து கோழியும் வைத்திருந்தார்கள். பாக்யலட்சுமி கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது. அந்தச் சேவலு எங்க ஜன்னலாண்டயே ஒக்காந்துக்கினு கூவுது. மூணரைக்கே ஆரம்பிச்சிடுது. தூங்கவே முடியல."

"சேவல்னா கூவத்தான் கூவும். அதுங்கிட்ட போய் இன்னா சொல்றது?" என்று பாக்யலட்சுமி சிரித்தாள்.

"எங்க வூட்டுக்காரரு பஸ் ஓட்றவரு. தூக்கம் இல்லாம ஸ்டியரிங் புடிச்சா…"

"அவருதான் நாலரைக்கே எந்திரிச்சிப் பூடறாரே. எழுப்பி வுட்டா நல்லதுதானே?"

தனக்கொடிக்கு வேறு பொய் வரவில்லை. வாய்வரைக்கும் வந்த உண்மையை விழுங்கிக்கொண்டு நின்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பாக்யலட்சுமி கையைக் கழுவிக்கொண்டு அருகில் வந்தாள்.

"ஒங்கிட்ட இன்னாத்துக்கு மறைக்கணும்? எம்மருமவ செல்வகுமாரிக்கு மூணு தடவ புள்ள தங்கல. இது நாலாவது. ஆறு மாசம் முடிஞ்சிச்சி, பாகூர்ல அவ அம்மா வூட்ல இருக்கா. புள்ள நல்லபடியா பொறந்தா சேவலு அறுக்கறேன்னு முனீஸ்வரனுக்கு நேந்துக்கினேன். அதுக்கு உட்டதுதான் இது. அதுவரைக்கும் அது மேல ஒரு துரும்பு படக்கூடாது. வேணும்னா ராவுல கூடைக்குள்ள போட்டு மூடி வெக்கிறேன்."

சொன்னபடியே செய்தாள். பெரிய கூடையால் மூடி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, மாட்டுக் கொட்டகைக்குள் வைத்தாள். அது கூடைக்குள்ளிருந்தே கூவியது. கொட்டகையின் தகரக் கூரையில் பட்டு முன்னைவிடப் பெரிதாக வந்தது.

தனக்கொடி மகளைச் சமையலறையில் படுக்கவைத்தாள். காதில் பஞ்சு வைத்துவிட்டாள். ஜன்னலையெல்லாம் சாத்தியதில் புழுக்கத்தில் இருந்த தூக்கமும் போயிற்று. "நா வேணா எங்கயாவது ஹாஸ்டல்ல போய் இருக்கேனேம்மா" என்றாள் கல்பனா. ஹாஸ்டலில் நாலு பேர் முன்னால் வந்துவிட்டால்? தனக்கொடி அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. கட்டின வீட்டைப் பூட்டிவிட்டு வேறு வாடகை வீடு பார்க்கலாமா என்று முத்துக்குமரன் கேட்டபோது, அங்கே நாய் இருக்காது என்று என்ன நிச்சயம் என்று அவர்மேல் எரிந்து விழுந்தாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்தது.

குளியலறை வாசலில் ஒரு சத்தம். தொண்டையிலிருந்து கிளம்பி இழுபட்ட அந்தச் சத்தம் தனக்கொடிக்குக் கனவிலும் மறக்காது. அடுப்படியிலிருந்து ஓடினாள். கல்பனா மல்லாந்து கிடந்து வெட்டிக்கொண்டிருந்தாள். தெருப்பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. தனக்கொடி மகளைத் தாண்டிப் போய் முதலில் அந்த ஜன்னலைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் திரும்பி வந்து அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் தன் முந்தானையைச் சுருட்டி வைத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கல்பனாவுக்குத் தெளிந்தது. மேலெல்லாம் வலிக்கிறது என்றாள்.

"ஜன்னலு ஏம்மா சாத்தியிருக்குது?"

தனக்கொடி வெந்நீர் போடுகிற சாக்கில் எழுந்து போய்விட்டாள். மகள் கீழே கிடக்கும்போது தன் கால் எந்தப் பக்கம் போனது என்பதையே அடுப்படியில் நின்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த ஊழியர் சிரிப்பார் என்று நினைத்துத்தான் போனாள். முதலில் சிரிக்கத்தான் செய்தார். பிறகு அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார்.

"சேவலு கூவுதுன்னு மட்டும் எழுதிக் குடுத்தா ஒண்ணும் பண்ண முடியாதும்மா. வூட்ல யாருக்காவது ஒடம்பு முடியலன்னா சொல்லுங்க. டாக்டர் சீட்டு ஒண்ணு சேத்துக் குடுங்க. நாங்களே வந்து பேசி, நோட்டீஸ் குடுத்து அப்புறப்படுத்த வெக்கலாம்."

அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளி வைத்தார். டாக்டர் சீட்டு அவள் பைக்குள்தான் இருந்தது. 'என் மகள் கல்பனா' என்றுவரை எழுதினாள். அதற்கப்புறம் பேனா நகரவில்லை. அவர்கள் வருவார்கள், விசாரிப்பார்கள், காகிதம் பாக்யலட்சுமி கையில் போகும், தெரு முழுக்கப் படிக்கும். தாளைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அப்பறமா வரேங்க" என்று எழுந்துவிட்டாள்.

அவள் போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். சாயங்காலமே பாக்யலட்சுமி தெருவில் வந்து நின்றாள்.

"ஏம்மா! எஞ்சேவலு மேல பிராது குடுக்கப் போனியாமே? வாயத் தொறந்து கேட்ட, கூடையப் போட்டு மூடினேன். இன்னும் இன்னா பண்ணணும்? கழுத்தத் திருகவா? நாங்க சேறு மிதிச்ச எடத்துல வூடு கட்டிக்கினு வந்து, எங்களயே ஆபீசுக்கு இழுக்கற! எம்மருமவ வயித்துல இருக்கறது ஒனக்கு வெளாட்டாப் போச்சா?"

சுற்று வீட்டு ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தனக்கொடிக்கு ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். கோழி நாற்றம், ஈ மொய்ப்பது, பட்டணத்தில் இப்படி உண்டா என்பது. கேட்க அவளுக்கே கேவலமாக இருந்தது. சுப்பராயலு வந்து மனைவியைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். மறுநாளிலிருந்து கூடை போட்டு மூடுவதும் நின்றது. சேவல் பழையபடி முருங்கை மரத்துக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை கல்பனாவுக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலையணையெல்லாம் ரத்தம். மாத்திரையைக் கூட்டிப் போடச் சொல்லி டாக்டர் போனில் சொன்னார், தூக்கத்தைப் பற்றியும் மறுபடி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பாக்யலட்சுமி வீட்டில் எல்லோரும் தட்டு வரிசையோடு பாகூருக்குக் கிளம்பினார்கள். செல்வகுமாரிக்கு வளைகாப்பு. முத்துக்குமரனுக்கு அன்று டூர் சவாரி. கல்பனா மாத்திரை மயக்கத்தில் படுத்திருந்தாள். மத்தியான வெயிலில் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

தனக்கொடி எலி மருந்தை எடுத்துச் சோற்றில் பிசைந்தாள். மதில் மேல் வைக்கப் போனபோது, சேவலுக்கு முன்னால் ஒரு பெட்டைக் கோழி தன் குஞ்சுகளோடு ஓடிவந்தது. கை பின்னுக்கு வந்துவிட்டது. சோற்றைக் கக்கூசில் கொட்டித் தண்ணீர் ஊற்றி, கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். பிறகு வெறும் அரிசியை எடுத்துக்கொண்டு போனாள். சேவல் பயப்படாமல் வந்தது. நேர்ந்துவிட்டதாயிற்றே, அதை இதுவரை யாரும் விரட்டினது இல்லை. ஒரே பிடியில் இறக்கையோடு சேர்த்துப் பிடித்து, காலைக் கட்டி, ஒயர் கூடையில் போட்டுத் துண்டால் மூடினாள். மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு அபிஷேகப்பாக்கத்துக்கு விட்டாள். அங்கே அவள் சித்தி மகள் காசம்மாளுக்கு வயலை ஒட்டி வீடு.

"இத வெச்சிக்க. நான் சொல்றவரைக்கும் அறுக்காத" என்றாள்.

"யாருதுக்கா இது?"

"என்னுதுதான்."

அதுவரைக்கும் அவள் அடுத்தவர் வீட்டு வேப்பிலையைக்கூடக் கேட்காமல் ஒடித்ததில்லை.

திங்கட்கிழமை கல்பனா ஏழு மணிவரை தூங்கினாள். செவ்வாய்க்கிழமையும் தூங்கினாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்காமல் ஒரு கையால் பிடித்துக் காப்பி குடித்தாள். பக்கத்து வீட்டில் பாக்யலட்சுமி வேலி வேலியாக, புதர் புதராகத் தேடிக்கொண்டிருந்தாள். தெருத்தெருவாகப் போய்க் கேட்டாள். தனக்கொடி வீட்டுக்கு மட்டும் வந்து கேட்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அந்த வீட்டிலிருந்து ஓலம் கிளம்பியது. தனக்கொடி மதில் பக்கம் ஓடினாள். சுப்பராயலு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பாக்யலட்சுமி கொட்டகை வாசலில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, ரத்தம் போவுதாமே! ஆஸ்பத்திரில சேத்துட்டாங்களாமே! சேவலு காணாமப் போன அன்னிக்கே நெனச்சேன். சாமி வாங்கமாட்டேன்னுட்டான். எந்தப் பாவி புடிச்சித் தின்னானோ, எங்கொலம் வெளங்காமப் பண்ணிட்டானே!"

சாமி, சாபம் இதையெல்லாம் தனக்கொடி அவ்வளவாக நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு நம்பாமல் இருக்கத் தெம்பில்லை. காசம்மாளுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. உறவுக்காரர் யாராவது வந்திருப்பார்களோ, அறுத்திருப்பாளோ? சேவலோடு அந்தக் குழந்தையும் போயிருந்தால்? மொபெட்டை எடுக்கப் போனவளைக் கல்பனா வாசலில் மறித்தாள்.

"சேவலு எங்கம்மா?"

தனக்கொடி மகளைப் பார்த்தாள்.

"எனக்கு ஞாயித்துக்கெழமயே தெரியும். நீ கூடைய எடுத்துக்கினு போனத பாத்தேன். நானும் பேசாமத்தான் இருந்தேன். தூக்கம் வந்துது, அதான் பேசல" என்று கல்பனா அழுதாள். "கொண்டாந்து குடுத்துடும்மா. எதுக்குன்னும் சொல்லிடு. எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல. ஒனக்குத்தான்."

அபிஷேகப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது காசம்மாள் வயலிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். சேவல் தென்னை மரத்தடியில் கயிற்றில் கட்டிக் கிடந்தது. உயிரோடு இருந்தது. தனக்கொடி தென்னையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இருட்டுவதற்குள் ஒதியம்பட்டுக்கு வந்து, கூடையோடு பாக்யலட்சுமி வீட்டுக்குள் நுழைந்தாள். சுப்பராயலு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். துண்டை நீக்கிச் சேவலைத் தரையில் விட்டாள்.

"நாந்தான்க்கா எடுத்தேன்."

பாக்யலட்சுமி எழுந்தாள். கையை ஓங்கிக்கொண்டே வந்தாள். தனக்கொடி நகரவில்லை.

"எம்பொண்ணுக்கு வலிப்புக்கா. தூக்கம் கெட்டா வந்துடுது. இந்த ரெண்டு வாரத்துல ரெண்டு தடவ வந்துடுச்சி. நாக்க கடிச்சிக்கினா. சொன்னா அவள யாரும் கட்டமாட்டாங்கன்னு சொல்லல. மூலக்குளத்துல பட்டுட்டேன்க்கா, திருப்பியும் படத் தெம்பில்ல. மருமவளுக்கு ஒண்ணுன்னா நான் உசுரோட இருக்கமாட்டேன். அடிக்கணும்னா அடிச்சிடு."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பாக்யலட்சுமி அவளை அடிக்கவில்லை, அணைக்கவும் இல்லை. "தூ!" என்று பக்கத்தில் துப்பினாள்.

"எம்மருமவளுக்கு மூணு புள்ள போனத நான் ஒங்கிட்ட சொன்னேன் இல்ல? எம்மூஞ்சப் பாத்து ஒனக்குச் சொல்லத் தோணல. திருடத் தோணிச்சி. போ வெளியே."

தனக்கொடி வெளியே வந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் விளக்குகூடப் போடவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. ரத்தம் நின்றுவிட்டது, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, படுத்த படுக்கையாக இருக்கவேண்டும் என்று. மத்தியானம் மதிலுக்கு அந்தப் பக்கம் பாக்யலட்சுமியின் தலை தெரிந்தது. தனக்கொடியைப் பார்க்காமல், முருங்கைக் கீரையை ஒடித்துக்கொண்டே பேசினாள்.

"சேவல எங்க கொண்டு போயி வெச்சிருந்த?"

"அபிஷேகப்பாக்கத்துல எஞ்சித்தி மவ வூட்லக்கா."

"சேவல அங்கியே கொண்டு போயி வுடு. நல்லா தீனி போடச் சொல்லு. எங்க இருக்கணும்னு நான் ஒண்ணும் நேந்துக்கல. புள்ள பொறந்ததும் நானே வந்து புடிச்சிக்கினு போறேன்."

"யக்கா…"

"எங்கிட்ட பேசாத."

அதோடு போய்விட்டாள். ஐப்பசியில் எட்டாம் மாதத்திலேயே செல்வகுமாரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோகூட இல்லை, கண்ணாடிப் பெட்டியில் இருபது நாள் வைத்திருந்து கொடுத்தார்கள். சேவல் அபிஷேகப்பாக்கத்திலிருந்து நேரே முனீஸ்வரன் கோயிலுக்குப் போயிற்று. தெருவுக்கே சாப்பாடு போட்டார்கள். தனக்கொடியை அழைக்கச் சுப்பராயலு மட்டும் வந்தார். கல்பனாவும் முத்துக்குமரனும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். தனக்கொடியால் போகமுடியவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை. நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஊரில் ஒரு சத்தமில்லை. கல்பனா எட்டு மணி நேரம் தூங்கியிருந்தாள், மாத்திரையும் தவறவில்லை. இருந்தும் வந்தது. வாசலில் கோலப்பொடி டப்பாவோடு குனிந்தவள் அப்படியே சேற்றில் சாய்ந்தாள்.

தனக்கொடி ஓடிவந்தாள். மகளின் தலையைப் பிடித்தாள். சேற்றில் வழுக்கியது, ஒரு ஆளால் அவளை ஒருக்களிக்க முடியவில்லை. இனிமேல் எதன்மேல் பழி போடுவது? அவளுக்கு உலகமே கைவிட்டுப் போனது போலிருந்தது. தொண்டை கிழியக் கத்தினாள்.

"யக்கா! பாக்யக்கா! ஓடியாயேன்!"

மதிலுக்கு அந்தப் பக்கம் பால் குவளை கீழே விழும் சத்தம் கேட்டது. பாக்யலட்சுமி கையில் சாவிக்கொத்தோடு ஓடிவந்தாள். வந்த வேகத்தில் அதைக் கல்பனாவின் உள்ளங்கையில் திணிக்கப் போனாள்.

"சாவி வேணாம்க்கா, அதால ஒண்ணும் ஆவாது. ஒருக்களிச்சிப் புடி. வாயில எதுவும் வெக்காத. சும்மா புடிச்சிக்க, அமுக்காத."

பாக்யலட்சுமி சாவியைச் சேற்றில் போட்டுவிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து கல்பனாவின் தோளைத் தாங்கினாள். எதிர் வீட்டு ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். யார் நிற்கிறார்கள் என்று தனக்கொடி திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தினி நேரம்டி இப்பிடி இருக்கும்?" என்றாள் பாக்யலட்சுமி.

"ரெண்டு நிமிஷம்க்கா. மூணு நிமிஷம். நின்னுடும்."

"நின்னுடும், நின்னுடும்" என்று பாக்யலட்சுமி கல்பனாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.